பரிசல் ஏறிய வீட்டுச் சாமான்கள்

மொரப்பூரிலிருந்து கடல் வெகுதூரம். நேர்கோட்டில் அளந்தாலே வங்கக் கடல் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சேலம்–ஜோலார்பேட்டை பாதையில் ரயில் நின்று போகும் ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம், புளியமரம், மாந்தோப்பு. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மீன்பிடிப் படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வடக்கே கம்பைநல்லூர் பக்கம் தென்பெண்ணை போகிறது. தெற்கே சேர்வராயன் மலையடிவாரத்தில் வாணியாறு அணை. மேற்கே தருமபுரியைத் தாண்டிப் பென்னாகரம் வட்டத்துக்குள் போனால் ஒகேனக்கல். அதற்குக் கீழே நாகமரை, ஒட்டனூர் என மேட்டூர் அணையின் தேங்குநீர் வந்து தொடும் ஊர்கள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் 93.47 டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். அந்த விரிந்த நீர்ப்பரப்பில் மீன் பிடிக்கப் போகிறவருக்குப் பரிசல்தான் படகு. நல்ல மழை பெய்து ஊர் ஏரி நிரம்பிவிட்டால் அதுவும் வேண்டாம், காற்றடித்த லாரி டியூப் ஒன்றே போதும்.

இந்தச் சின்னப் படகுகளில் கடையில் படகுக்கென்று விற்கும் பொருள் ஏறக்குறைய எதுவுமே இருக்காது. எண்ணெய் கேன், தேய்ந்த ரப்பர் செருப்பு, உரச்சாக்கு, சைக்கிள் டியூப், தகர டப்பா, டிபன் பாக்ஸ் என்று வீட்டில் உழைத்து ஓய்ந்த சாமான்களெல்லாம் அங்கே இரண்டாவது வேலைக்குச் சேர்ந்திருக்கும். காசில்லாதவர்கள் கிடைத்ததைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அப்படிப் பார்க்க மனமில்லை. எந்தப் பொருளை எதற்கு எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்கிற அந்தத் தேர்வில் நல்ல இயற்பியல் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிப் பாடமாக்காமல் விட்டது நம் குறை.

கேனிலிருந்தே தொடங்கலாம். தருமபுரி மாவட்டத்துக் கிணறுகளில் பிள்ளைகள் நீச்சல் பழகுவதே முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டுதான். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் காய்ந்த சுரைக்குடுக்கை இருந்தது. குடுக்கையும் அதற்கு முன் வீட்டில் தண்ணீரோ விதையோ வைத்திருந்த பாத்திரம்தான். ஆகவே வீட்டுச் சாமானைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம் ஊரில் பிளாஸ்டிக்குக்கு முந்தியது.

தண்ணீருக்குள் அமிழும் எந்தப் பொருளும், தான் இடம்பெயர்த்த தண்ணீரின் எடைக்குச் சமமான விசையால் மேலே தள்ளப்படுகிறது. ஆர்க்கிமிடிஸ் சொன்ன இந்த விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். 5 லிட்டர் எண்ணெய் கேனை முழுக்க அமிழ்த்தினால் 5 கிலோ தண்ணீரை அது விலக்குகிறது. கேனின் சொந்த எடை 200 கிராம் என்று வைத்தாலும், சுமார் 4.8 கிலோ தூக்கும் விசை மிச்சம். இது பெரியவர் ஒருவரை மிதக்க வைக்கப் போதுமா? 65 கிலோ ஆளை 5 கிலோ விசை எப்படித் தாங்கும் என்று கேட்கத் தோன்றும். மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். உடலில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். நமக்கு வேண்டியது தலை மட்டும் வெளியே நிற்பது. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதனால்தான், நீச்சல் தெரிந்தவர்கள் கரைக்குப் பக்கத்தில் அணியும் மிதவை அங்கிக்கு உலகத் தரக் கணக்கே 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ விசை. ஒரு எண்ணெய் கேன் அந்தக் கணக்கைத் தொட்டுவிடுகிறது. கேன் செய்யாதது ஒன்று உண்டு. மயங்கி விழுந்தவரை மல்லாத்தி, முகத்தை மேல்நோக்கி நிறுத்த அதனால் முடியாது. அந்த வேலைக்கென்று வடிவமைத்த அங்கிகளுக்கு 100, 150 நியூட்டன் விசையும், மார்புப் பக்கம் கூடுதல் மிதவையும் தேவை. பரிசலில் கேன் கட்டியிருப்பது நல்லது. அதை நம்பி அங்கியைக் கழற்றி வைப்பது நல்லதல்ல.

மிதப்பது காற்றால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்று எப்படி அடைபட்டிருக்கிறது என்பதுதான் மீனவர் பார்க்கும் விஷயம். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் குளியல் ஸ்பாஞ்சையும் பழைய ரப்பர் செருப்பையும் போட்டு இரண்டையும் அமுக்கிப் பாருங்கள். ஸ்பாஞ்சிலிருந்து குமிழிகள் வரும், கையை எடுத்ததும் அது தண்ணீர் குடித்து ஏறக்குறைய முழுகியே கிடக்கும். செருப்பிலிருந்து குமிழியே வராது. விட்டதும் மேலே வந்து நிற்கும். இரண்டிலும் துளைகள் உண்டு. ஸ்பாஞ்சின் துளைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத் திறந்தவை. செருப்பு ரப்பரில் லட்சக்கணக்கான நுண்ணறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அதனால்தான் தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும் தேய்ந்த செருப்பை வெட்டி, சூடான கம்பியால் துளையிட்டு, வலையின் மேல்கயிற்றில் மிதவையாகக் கோக்கிறார்கள். பாறையில் உரசினாலும் முள் குத்தினாலும் சில அறைகள்தான் போகும், மற்றவை அப்படியே நிற்கும்.

இவ்வளவு சின்னத் துண்டு ஒரு வலையைத் தாங்குமா என்றால், தாங்கும். நைலானின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சமே கூட, சுமார் 1.14. கரையில் ஒரு கிலோ நிற்கும் நைலான் வலை, தண்ணீருக்குள் வெறும் 120 கிராம்தான் நிற்கும். அடிக்கயிறு இல்லாமல் தொங்கவிடும் ரங்கூன் வலை நம் நீர்த்தேக்கங்களில் பழகிய வலை. அதற்குப் பெரிய மிதவையே தேவையில்லை. உண்மையில் மிதவை பெரிதாகிப் போனால்தான் தொல்லை. வலை விறைத்து நின்றால் மீன் மோதித் திரும்பிவிடும். துவண்டு தொங்கும் வலையில்தான் செவுள் சிக்கும்.

அப்படியானால் தண்ணீர் பாட்டிலையே கட்டிவிடலாமே? ஒரு லிட்டர் பாட்டில் 30 கிராம்கூட இருக்காது, கிட்டத்தட்ட ஒரு கிலோ தூக்கும். வலை கிடக்கும் இடத்தைக் காட்டும் அடையாள மிதவையாக மேற்பரப்பில் மிதக்கும்வரை அது அருமையான பொருள். ஆனால் ஆழத்துக்குப் போனால் கதை மாறும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது ஏறத்தாழ 36 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நாலரை மடங்கு. ஒரு லிட்டர் காற்று அங்கே 220 மில்லிலிட்டராகச் சுருங்கும்; மெல்லிய பாட்டில் நசுங்கித் தகடாகிவிடும். கிலோ தூக்கிய மிதவை அங்கே கால் கிலோகூடத் தூக்காது. அடிமட்டத்தில் விரிக்கும் வலைக்குப் பாட்டிலைக் கட்டினால் வலை படுத்துவிடுவது இதனால்தான். அங்கே நசுங்காத, கெட்டியான மிதவை வேண்டும்.

அடுத்து லாரி டியூப். நாமக்கல்லும் சங்ககிரியும் சேலமும் சேர்ந்து லாரித் தொழிலை நடத்தும் வட்டாரம் இது. ஆகவே பழைய டியூபுக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது. டியூப் இல்லாத டயர்கள் பெருகி வருவதால் இனி அப்படி இருக்குமென்று சொல்ல முடியாது. பெரிய லாரி டியூப் காற்றடித்தால் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதாவது 100 கிலோவுக்கு மேல் தாங்கும். நடுவில் பலகையோ கயிற்றுப் பின்னலோ போட்டு ஒருவர் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் சிறு பலகைத் துண்டுகளை வைத்துத் துழாவிக்கொண்டு ஏரி முழுக்கச் சுற்றலாம். டியூப் செய்யும் பியூட்டைல் ரப்பர், சாதாரண ரப்பரைவிடப் பல மடங்கு குறைவாகவே காற்றை வெளியே விடும். அதனால் காலையில் அடித்த காற்று மாலைவரை அப்படியே இருக்கும்.

ஆனால் இதில் எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. நம் ஏரிகளின் கரையிலும், பல ஏரிகளில் தரையிலுமே, சீமைக்கருவேலம் நிற்கிறது. தண்ணீர் ஏறும்போது அந்த முள்மரங்கள் மூழ்கிக் கண்ணுக்கு மறைந்துவிடும். டியூபுக்குள் இருப்பது ஒரே அறை. ஒரே முள், 100 லிட்டர் காற்றும் போய்விடும். அதே ஆள் மூடிபோட்ட 20 லிட்டர் கேன் ஐந்தைச் சட்டத்தில் கட்டி ஏறியிருந்தால், ஒன்று ஓட்டையானாலும் நான்கு மிஞ்சும். பெரிய கப்பல்களின் அடிப்பகுதியைத் தடுப்புச் சுவர்களால் தனித்தனி அறைகளாகப் பிரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். டியூபில் போகிறவர்கள் இரண்டு சின்ன டியூபுகளைச் சேர்த்துக் கட்டுவதும், கூடவே ஒரு கேனைக் கட்டிக்கொள்வதும் உயிரைக் காக்கும்.

இனி பரிசலுக்கு வருவோம். எனக்கு இதில் மிகப் பிடித்த பொருள் அதன் தோல்தான். மூங்கிலைப் பிளந்து கூடைபோல் முடைந்து, அதன்மேல் ஒரு காலத்தில் மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ இழுத்துத் தைத்தார்கள். தோல் பலமானது. ஆனால் நனைந்தால் ஊறி இளகும். காயவிடாமல் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் அரித்து அழுகவிடும். அதனால் தோல் பரிசலை அவ்வப்போது கரையேற்றி உலர்த்தியே ஆக வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தாளும் உரச்சாக்கும் வந்தன. அதன்மேல் தார் பூசினார்கள். இப்போது கண்ணாடியிழைப் பரிசல்களும் ஓடுகின்றன. ஆனால் தார் பூசிய சாக்கு ஒரு தனிப் பாடம்.

காலி உரச்சாக்கு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தட்டையான பிளாஸ்டிக் நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரியும். பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கை நீட்டி இழுத்துச் செய்த நாடாக்கள் அவை. இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் வரிசைப்பட்டுவிடுவதால் நீளவாக்கில் அபாரமான பலம் வருகிறது. 45 கிலோ யூரியாவை மூன்று பேர் கைமாற்றி எறிந்தாலும் சாக்கு கிழியாதது இதனால்தான். ஆனால் தண்ணீரைத் தடுக்க அதனால் முடியாது. இடுக்கு வழியே கசியும். தார் இதற்கு நேர்மாறு. தண்ணீர் சொட்டுக்கூட உள்ளே போகாது. பலம் கிடையாது, தனியாகத் தாளாக வார்த்தால் தன் எடையிலேயே தொய்ந்து கிழியும். இரண்டையும் சேர்த்தால் சாக்கு இழுவிசையைத் தாங்குகிறது, தார் தண்ணீரைத் தடுக்கிறது.

இதில் இன்னொரு உறவும் இருக்கிறது. பாலிபுரொப்பிலீனுக்கு வெயில் எதிரி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறும். வேலியோரம் மாதக்கணக்கில் கிடந்த சாக்கைத் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த தார் அந்தக் கதிரை மேலேயே நிறுத்திவிடுகிறது. சாக்கு தாருக்குப் பலம் கொடுக்க, தார் சாக்குக்கு நிழல் கொடுக்கிறது. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் இப்படிப்பட்ட சேர்க்கைகளைப் பொறியாளர்கள் கூட்டுப்பொருள் என்பார்கள். கண்ணாடியிழைப் படகும் அதே குடும்பம்தான். இதை எந்த ஆய்வுக்கூடமும் பரிசல்காரருக்குச் சொல்லித்தரவில்லை. உலகின் பல ஆறுகளில் மனிதர்கள் இதே விடைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஈராக்கின் டைகிரிஸ் நதியில் ஓடிய குஃபா என்கிற வட்டப் படகுக்கு அந்த மண்ணில் இயற்கையாகக் கசியும் தாரைப் பூசினார்கள். வியட்நாமின் மூங்கில் கூடைப்படகுக்கு மரப்பிசின்.

தாருக்கு ஒரு பலவீனம் உண்டு. சாலைத் தார் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும். பரிசல் தண்ணீரில் இருக்கும்வரை அடிப்பாகம் குளிர்ந்தே இருக்கும். சித்திரை வெயிலில் கரையில் கவிழ்த்துப் போட்டால் அந்தக் கறுத்த முதுகு இந்த வெப்பத்தை மதியத்துக்குள் தாண்டிவிடும். தார் வழிந்து ஒரு பக்கம் திரண்டு, மறுபக்கம் சாக்கு வெளியே தெரியும். புளியமரத்தடியில் கவிழ்த்து வைத்த பரிசல் நீண்ட நாள் உழைக்கும்.

பரிசல் எவ்வளவு தாங்கும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். அடிப்பாகத்தின் குறுக்களவு 2 மீட்டர் என்று வைத்தால் பரப்பு 3.14 சதுர மீட்டர். பரிசல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 31 லிட்டர் தண்ணீரை விலக்கும், 31 கிலோ தாங்கும். 62 கிலோ ஆள் ஏறினால் வெறும் 2 சென்டிமீட்டர்தான் இறங்கும். தட்டையான அகன்ற அடி இருப்பதால் பாறை நிறைந்த ஆழமில்லாத ஆற்றிலும் அது தட்டாமல் போகிறது. ஆனால் ஓரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு பரிசலிலும் கைப்பிடியோடு சாய்வாக வெட்டிய எண்ணெய் கேன் ஒன்று இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்க அதைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. வாய் அகலம், விளிம்பு வளையும், பரிசலின் வளைந்த உட்பக்கத்தோடு ஒட்டி வழித்து அள்ளும், தார்ப்பூச்சைச் சுரண்டாது. நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே, ஒரு சென்டிமீட்டர் குறுக்களவில் ஓட்டை விழுந்தால் உள்ளே வரும் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். பதற வேண்டியதில்லை. 2 லிட்டர் கொள்ளும் கேனால் நிமிடத்துக்கு இருபது தடவை அள்ளினால் 40 லிட்டர் வெளியே போகும். கரைவரை நிதானமாக வந்துவிடலாம். ஓட்டையின் குறுக்களவு 3 சென்டிமீட்டராக இருந்தால் பரப்பு ஒன்பது மடங்கு; வரும் தண்ணீர் 44 லிட்டர். இப்போது அதே வேகத்தில் இறைத்தால் தண்ணீர்தான் ஜெயிக்கும். ஆகவே பெரிய ஓட்டையென்றால் முதலில் இறைக்காதீர்கள். துண்டையோ சாக்கையோ சுருட்டித் துளையில் திணியுங்கள், பிறகு இறையுங்கள். கரைக்கு வந்ததும் சைக்கிள் டியூபை வெட்டித் தாரோடு ஒட்டிக்கொள்ளலாம்.

நங்கூரத்துக்கு நம் மாவட்டத்தில் யோசிக்கவே வேண்டாம், கருங்கல் கிடக்கிறது. ஒரு கிலோ கருங்கல் தண்ணீருக்குள் 630 கிராம் நிற்கும். வலையைக் கீழே இழுக்கும் குண்டுக்கு ஈயத்தை நாடுகிறார்கள். அது ஒரு கிலோவுக்கு 910 கிராம் நிற்கும் என்பதால். ஆனால் பழைய பேட்டரியை உடைத்து, வீட்டு அடுப்பில் கரண்டியில் வைத்து ஈயம் உருக்குவதை யாரும் செய்யக்கூடாது. ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இரும்பு நட்டும் போல்ட்டும் கிலோவுக்கு 870 கிராம் நிற்கும். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். வீட்டில் கிடக்கும் துருப்பிடித்த நட்டுகளைக் கோத்துக்கொள்ளலாம்.

தகர டப்பாவின் வேலைதான் இருப்பதிலேயே சுவையானது. வலையை வளைத்து விரித்த பிறகு, மறுபக்கத்திலிருந்து சத்தம் எழுப்பி மீனை வலைக்குள் விரட்டுவது உள்நாட்டு மீன்பிடிப்பில் பழைய உத்தி. கையில் டப்பாவைப் பிடித்துக் காற்றில் தட்டினால் கரையில் நிற்பவர்களுக்குக் காது கிழியும்; மீனுக்கு ஏறக்குறைய எதுவும் கேட்காது. காற்றில் பிறந்த ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது, மீதி மேலேயே திரும்பிவிடுகிறது. காற்றும் தண்ணீரும் ஒலிக்கு அவ்வளவு வேறுபட்ட ஊடகங்கள். டப்பாவைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தித் தட்டினாலோ, துடுப்பால் பரிசலின் ஓரத்தில் அடித்தாலோ அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் போகும். உள்ளே போய்விட்டால் விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் பாயும். காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல்.

எல்லா மீனும் ஒரே மாதிரி கேட்பதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களுக்கும் கெளுத்திக்கும் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி ஒன்று உண்டு. 1820-இல் அதை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபரின் பெயரால் அவை வெபர் எலும்புகள் எனப்படுகின்றன. தண்ணீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிரவைக்கும். அந்த அதிர்வு எலும்புகள் வழியே செவிக்குப் போகும். எனவே கட்லாவுக்குக் காது கூர்மை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஏரியெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபிக்கு இந்த எலும்பு அமைப்பு இல்லை. ஒரே டப்பாச் சத்தத்துக்குக் கட்லா சிதறி ஓடுவதும், ஜிலேபி அவ்வளவாக அசைந்து கொடுக்காததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

பிடித்த மீனைக் கெடாமல் கொண்டுவர என்ன வழி? பரிசலில் ஐஸ் பெட்டிக்கு இடம் குறைவு. நனைத்த சணல் சாக்கை மீன்மேல் போர்த்துகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுத்துக்கொண்டு போகும் வெப்பம், 7 கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்துக்குச் சமம். தருமபுரியின் வறண்ட காற்று இதற்கு ரொம்பத் தோது. ஈரம் மிகுந்த கடற்கரையில் இவ்வளவு பலன் கிடைக்காது. ஆனாலும் சாக்கின் குளிர்ச்சிக்கு எல்லை உண்டு. வெயில் 36 டிகிரி அடித்தால் சாக்குக்கு அடியில் 23, 24 டிகிரிக்குக் கீழே போகாது. ஓரிரு மணி நேரத்துக்கு அது உதவும், அதற்குமேல் ஐஸ்தான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு கிலோ ஐஸ் போதுமென்று கணக்குச் சொல்லும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நம் ஊரில் கிலோவுக்குக் கிலோ போடுவதுதான் சரி. கரையில் வைக்க, ஓடாத பழைய ஃபிரிட்ஜை மல்லாத்திப் போட்டால் அதன் சுவரிலுள்ள நுரையே நல்ல வெப்பத்தடுப்பு. காலியாக இருக்கும்போது மட்டும் கதவைக் கயிற்றால் கட்டி வையுங்கள். விளையாடும் குழந்தைகள் உள்ளே ஏறி மூடிக்கொண்டால் மூச்சுக்குக் காற்றிருக்காது.

செல்போனுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம். தண்ணீர் புகாமல் காக்கும். ஆனால் உலோகச் சுவர் ரேடியோ அலைகளையும் பெருமளவு தடுத்துவிடுவதால் அவசரத்துக்கு வரும் அழைப்பு உள்ளே வந்து சேராது. ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா சரியான தேர்வு. 200 கிராம் போனை ஒரு லிட்டர் டப்பாவில் வைத்து மூடினால், பரிசல் கவிழ்ந்தாலும் அது மிதந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு தெர்மாகோலை விட்டுவிட முடியாது. அதில் சுமார் 98 சதவீதம் காற்று, நுண்ணறைகளும் மூடியவைதான். ராமேசுவரம் பக்கம் தெர்மாகோல் மிதவையில் தனியாளாகக் கடலுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீரில் அதன் உடம்பில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூழ்கும். மீதி எல்லாம் காற்றின் கையில். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைக் குறைக்கத் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பியபோது, கொஞ்ச நேரத்திலேயே காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. தண்ணீருக்குள் பிடிமானம் இல்லாத பொருள் அப்படித்தான் போகும். இன்னொன்று, தெர்மாகோல் மணி மணியாக உதிரும். வெயிலில் பொடிந்த துணுக்குகளை மீன் இரையென்று விழுங்கும். பெட்ரோல் பட்டால் கரைந்தும்போகும். அதைப் படகில் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் சாக்கில் போட்டு முழுக்கத் தைத்துக் கட்ட வேண்டும். திறந்தபடி கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஏரியில்தான் நாளைக்கும் வலை வீச வேண்டும், அதே மீன்தான் நம் வீட்டுக் குழம்புக்கும் வரும்.

மீன்வளத் துறை நடத்தும் பயிற்சிகளிலும், ஏரிக்கரைப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளிலும் இந்தக் கேனையும் செருப்பையும் சாக்கையும் மேசைமேல் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது என் விருப்பம். மிதப்பு விசை, அழுத்தம், ஒலி, ஆவியாதல் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களில் கிடப்பவை எல்லாம் ஒரே பரிசலுக்குள் இருக்கின்றன.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்ணெய் கேன் காலியானால் மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடி இல்லாத கேன் தண்ணீரில் எதற்கும் உதவாது. கழுவி, மூடியை இறுக்கி, உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிப்பவருக்கோ கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கோ கொடுங்கள். பிள்ளை பழகும்போது நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும். பூச்சிமருந்து வந்த கேனை மட்டும் யாருக்கும் எதற்கும் கொடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் ஊறவைத்துக்கொண்ட நஞ்சை முழுக்க விடாது. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்து தெளிக்கும் டேங்கிலேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டு நசுக்கிவிடுங்கள்.